கீழே நடக்கும் வரி: லார்பெஜ்ஜாத்தாவின் மூன்று இசைத்தட்டுகள்

‘மியூசிக் ஃபார் எ வைல்’ இசைத்தட்டை முதன்முறை கைப்பேசியின் ஒலிபெருக்கியில்தான் கேட்டேன். ஓர் ஆண் குரல் மிக உயர்ந்த ஸ்தாயியில் அழகாகப் பாடிக்கொண்டிருந்தது; அதைச் சுற்றித் தந்திகள் மினுங்கின; ஆனால் அந்தப் பாட்டு எதன்மேல் நிற்கிறது என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. சில நாள் கழித்து, நல்ல ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதே தடத்தைக் கேட்டபோது, குரலுக்கு வெகு கீழே ஒரு வரி நடந்துகொண்டிருப்பது தெரிந்தது. ஏறுகிறது, சற்றே இறங்குகிறது, மறுபடி முன்னைவிடக் கொஞ்சம் உயரே ஏறுகிறது, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. சேர்ந்ததும் மீண்டும் அதே நடை. பாட்டு முடியும்வரை அந்த நடை ஓய்வதில்லை. இந்தக் குழுவைப் பற்றி நான் சொல்ல விரும்புவது எல்லாம் அந்த வரியிலிருந்துதான் தொடங்குகிறது.

லார்பெஜ்ஜாத்தா என்னும் இந்த இசைக்குழுவைக் கிறிஸ்தினா ப்ளூஹார் 2000-ஆம் ஆண்டில் தொடங்கினார். அவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பிறந்தவர். தியோர்போவும், பரோக் காலத்து (ஏறக்குறைய பதினேழாம் நூற்றாண்டும் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியும்) ஹார்ப்பும் வாசிப்பவர். தியோர்போ என்பது ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு நிற்கும், நீண்ட கழுத்தைக் கொண்ட பெரிய லூட் (விரலால் மீட்டும் பழைய ஐரோப்பியத் தந்திக்கருவி); அதன் நீண்ட கழுத்தில் ஓடும் மந்திர ஸ்தாயித் தந்திகளை இடக்கை தொடுவதே இல்லை, வலக்கைக் கட்டைவிரல் மட்டும் மீட்டிவிட்டுப் போகும். குழுவின் பெயர் கப்ஸ்பெர்கர் என்னும் இசையமைப்பாளர் 1604-இல் வெனிஸில் அச்சிட்ட ஒரு தியோர்போ உருப்படியிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த உருப்படி தாளில் அடுக்கடுக்கான கார்டுகளாக, அதாவது ஒன்றுசேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகளாக மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. அவற்றை ஒவ்வொரு ஸ்வரமாக உதிர்த்து வாசித்து, அந்த அடுக்குகளை ஓட்டமாக மாற்ற வேண்டியது வாசிப்பவரின் விரல்களின் வேலை. தாளில் இருப்பது பாதி, கையில் இருப்பது மீதி என்பதைத் தன் பெயரிலேயே சொல்லிவிட்ட குழு இது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இக்குழு வெளியிட்ட இசைத்தட்டுகள் பல. அவற்றில் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். 2002-இல் வந்த ‘லா தாரந்தெல்லா’ தென் இத்தாலியின் நாட்டுப்புற இசையிலிருந்து புறப்படுகிறது. 2004-இல் வந்த ‘அல்லிம்ப்ரோவிசோ’ பெயரிலேயே மனோதர்மத்தை, அதாவது வாசிக்கும் நொடியில் பிறக்கும் கற்பனையை வைத்திருக்கிறது. 2014-இல் வந்த ‘மியூசிக் ஃபார் எ வைல்’ ஹென்றி பர்செல் என்னும் ஆங்கிலேய பரோக் மேதையின் பாடல்களை எடுத்துக்கொண்டு ஜாஸ் கலைஞர்களை அருகில் உட்கார வைக்கிறது. நாட்டுப்புறம், பரோக், ஜாஸ் என்று மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிய குழுக்களுக்குப் பஞ்சமில்லை. லார்பெஜ்ஜாத்தா அவற்றிலிருந்து விலகி நிற்கும் காரணம் ஒன்றுதான்: இந்த மூன்று இசைகளுக்கும் பொதுவான ஒரு வேர் உண்டு என்பதையும், அந்த வேர் கீழ்ஸ்தாயியில் இருக்கிறது என்பதையும் இவர்கள் கண்டுகொண்டார்கள். அந்த வேரைப் பிடித்திருக்கும் தடங்களில் இவர்களுக்கு நிகரில்லை. அதை விட்டுவிட்டு மேற்பூச்சாக ஜாஸைத் தடவும் இடங்களில் இவர்களும் மற்றவர்களைப் போலவே ஆகிவிடுகிறார்கள்.

வேர் என்று நான் சொல்வதை மேற்கத்திய இசையில் கிரவுண்ட் பேஸ் என்பார்கள். சில பார்களே (தாளச் சுற்றுகளே) நீளமுள்ள ஒரு கீழ்ஸ்தாயி வரி, பாட்டு முழுவதும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். அதன் மேலே மெட்டு தன் விருப்பம்போல் விரியும், வளையும், உடையும், மறுபடி சேரும். கர்நாடக இசையில் நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. நிரவலில் சாகித்திய வரியும் தாளத்தில் அது அமரும் இடமும் மாறாமல் நிற்க, ராகத்தின் சஞ்சாரம் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கிறது. கிரவுண்ட் பேஸில் மாறாமல் நிற்பது சொல்லன்று, அடியில் ஓடும் ஸ்வர வரி. எது நிற்கிறது, எது அலைகிறது என்பதில்தான் வேறுபாடு. நிற்கும் ஒன்று இருப்பதால்தான் அலையும் ஒன்றுக்குத் துணிவு வருகிறது என்பது இரண்டிலும் ஒன்றே.

பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையில் உடனுக்குடன் கற்பனை செய்து வாசிப்பது விதிவிலக்காக இருக்கவில்லை, அன்றாட வழக்கமாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இக்குழுவின் மேல் வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டே பழைய இசையைச் சிதைக்கிறார்கள் என்பதுதான். தியேகோ ஓர்த்திஸ் என்னும் ஸ்பானிய இசைக்கலைஞர் 1553-இல் ரோமில் ஒரு பயிற்சி நூலை அச்சிட்டார். நிலையான ஒரு கீழ்வரியின்மேல் வயோலா வாசிப்பவர் எப்படியெல்லாம் கற்பனையை விரிக்கலாம் என்பதே அதன் பொருள். அடுத்த நூற்றாண்டில் பரவிய பரோக் எழுத்துமுறையிலோ, பியானோவுக்கு முந்தைய விசைக்கருவியான ஹார்ப்சிகார்ட் வாசிப்பவருக்கும் லூட் வாசிப்பவருக்கும் கிடைத்தது கீழ்ஸ்தாயி வரி ஒன்றும், அதன்மேல் குறித்த சில எண்களும் மட்டுமே. எந்தக் கார்டை எந்த ஸ்தாயியில், எத்தனை ஸ்வரங்களாக, எந்த நடையில் வாசிப்பது என்பதை அவரவரே அந்த நொடியில் முடிவு செய்தார்கள். ஜாஸ் கலைஞர் ஒருவரின் முன்னால் மெட்டும் கார்டுகளின் பெயரும் மட்டும் எழுதிய ஒற்றைத் தாளை வைத்தால் அவர் என்ன செய்வாரோ, அதற்கு இது வெகு அருகில் இருக்கிறது. இரண்டு வாசிப்பும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஜாஸின் துள்ளல் நடையான ஸ்விங் இருபதாம் நூற்றாண்டுக்குரியது, அதைப் பர்செல் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் தாளில் விட்டுவைக்கப்பட்ட வெற்றிடம் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கிறது.

‘லா தாரந்தெல்லா’வை முதலில் கேட்க வேண்டும் என்பது என் பரிந்துரை. தென் இத்தாலியில், குறிப்பாகப் பூலியா பகுதியில், தாரந்துலா என்னும் சிலந்தி கடித்துவிட்டதாக நம்பப்பட்டவர்களை ஆடவைத்துக் குணப்படுத்துவதற்காக வீட்டுக்கே வந்து வாசித்த இசையிலிருந்து பிறந்தது இந்த ஆட்டம். பாதிக்கப்பட்டவர் எழுந்து ஆடும்வரை, ஆடி ஓயும்வரை, வாசிப்பவர்கள் நிறுத்தக் கூடாது. அதனால்தான் அந்த இசை குறுகிய சுழல்களாக அமைந்திருக்கிறது: நிறுத்தாமல் வாசிக்க வேண்டுமென்றால் திரும்பி வரும் ஒன்று வேண்டும், சலிக்காமல் வாசிக்க வேண்டுமென்றால் அதன்மேல் மாறும் ஒன்றும் வேண்டும். அத்தனாசியுஸ் கிர்ஹர் என்னும் ஏசு சபை அறிஞர் காந்தவியலைப் பற்றி 1641-இல் எழுதிய பெருநூலில் இந்தச் சிலந்தி விஷத்துக்கு மாற்று மருந்தாக ஒரு மெட்டை ஸ்வரக் குறிப்போடு அச்சிட்டிருக்கிறார். இசைத்தட்டின் துணைத்தலைப்பு அந்த மெட்டின் லத்தீன் பெயரே.

இந்தத் தட்டில் ப்ளூஹார் செய்த மிகச் சரியான காரியம், நாட்டுப்புறப் பாட்டைச் செவ்வியல் குரல்களிடம் ஒப்படைக்காததுதான். உம்ப்ரியா பகுதியின் நாட்டுப்புறப் பாடகியான லூசில்லா கலெயாத்சி பாடும்போது, குரல் தொண்டையிலிருந்து நேராக வருகிறது; ஓரங்களை மழுக்கும் அசைவுகள் இல்லை, சொல் அப்படியே விழுகிறது. நேபிள்ஸில் பிறந்த மார்கோ பீஸ்லி அதற்கு நேர் எதிரான பாதையில் போகிறார். ‘லா கார்ப்பினேசே’ என்னும் பாடலில் அவர் குரல் ஏறக்குறைய பேச்சின் அளவிலேயே நிற்கிறது. ஒருவர் தன் பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் சொல்வதைப் போன்ற நெருக்கம் அது. இருவருக்கும் அடியில் தியோர்போவும் பரோக் கிட்டாரும் அதே சில கார்டுகளைச் சுழற்றிக்கொண்டிருக்கின்றன.

தம்புரெல்லோவின் ஒலியைத் தனியே குறிப்பிடாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. தோல் போர்த்திய அகன்ற வளையம், விளிம்பில் சிறு தகட்டுச் சில்லுகள். பார்த்தால் நம் கஞ்சிராவின் மூத்த உறவினர்போல் இருக்கும், ஆனால் தோலை நீரால் நனைத்துச் சுருதியைத் தாழ்த்தும் பழக்கம் இதற்கு இல்லை, ஆழம் வளையத்தின் அகலத்திலிருந்தே வருகிறது. மூன்று மூன்றாகப் போகும் தாரந்தெல்லாவின் நடையில் உள்ளங்கை, விரல்நுனி, கட்டைவிரல் என்று கை சுழன்றுகொண்டே இருக்கும். ஹெட்ஃபோனில் கேட்டால் தோலில் விழும் அடியும் அதற்குப் பின்னால் ஒரு கணம் தாமதித்துச் சிலிர்க்கும் சில்லுகளும் தனித்தனியாகக் கேட்கும். இந்த ஒரு கருவியே ஒரு முழுத் தாளவாத்தியக் குழுவின் வேலையைச் செய்கிறது. ட்ரம்ஸ் எதுவும் தேவைப்படாத ஆட்டம் இது. பிற்காலத் தட்டுகளில் இக்குழு தாளவாத்தியத்தை அதிகமாகச் சேர்த்தபோது இந்தச் சிக்கனத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன்.

‘அல்லிம்ப்ரோவிசோ’வின் துணைத்தலைப்பு சாக்கோன், பெர்கமாஸ்கா, கொஞ்சம் ஃபோலியா என்று மூன்று பெயர்களை அடுக்குகிறது. மூன்றும் ஆட்டத்திலிருந்து பிறந்த கீழ்வரிகள். மூன்றையும் தெருவிலிருந்து அரண்மனைக்குள் அழைத்துப் போனவர்கள் பரோக் இசையமைப்பாளர்கள். இந்தத் தட்டின் விருந்தினர் ஜானலூயிஜி த்ரோவேசி என்னும் ஜாஸ் கிளாரினெட் கலைஞர். அவர் பிறந்த நெம்ப்ரோ என்னும் ஊர் பெர்கமோவுக்கு அருகில் இருக்கிறது. பெர்கமாஸ்கா என்ற ஆட்டத்துக்குப் பெயர் தந்ததும் அதே பெர்கமோதான். அதாவது, வெளியிலிருந்து வந்த ஜாஸ்காரர் ஒருவரைப் பழைய இசைக்குள் நுழைத்திருக்கிறார்கள் என்று இதைப் பார்க்கக் கூடாது. தன் மண்ணின் ஆட்டத்துக்கு ஒருவர் வேறொரு வழியாகத் திரும்பி வந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

பெர்கமாஸ்காவின் கீழ்வரி மிக எளியது. ஷட்ஜத்திலிருந்து மத்யமத்துக்கு, அங்கிருந்து பஞ்சமத்துக்கு, மறுபடி ஷட்ஜத்துக்கு என்று கார்டுகள் நகர்ந்து வீடு திரும்புகின்றன, அவ்வளவுதான். ஜாஸின் வேர்களில் ஒன்றான பன்னிரண்டு பார் ப்ளூஸ் கட்டப்பட்டிருப்பதும் இதே மூன்று கார்டுகளால்தான், வரிசையும் நீளமும் மட்டுமே வேறு. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, கேட்டு உணர்வது வேறொன்று. த்ரோவேசியின் கிளாரினெட் அந்த வரியின்மேல் முதலில் ஆட்டக்காரனைப் போல் துள்ளுகிறது, பிறகு ஸ்வரங்களை இழுத்து வளைக்கிறது, ஓரிடத்தில் ப்ளூஸின் சாயல் அதில் ஏறிவிடுகிறது. கீழே தியோர்போவோ எதுவுமே நடக்காததுபோல் தன் நான்கு அடிகளை வைத்துக்கொண்டு போகிறது. எந்த இடத்தில் நூற்றாண்டு மாறியது என்று பலமுறை கேட்டும் என்னால் விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. கிளாரினெட் 1700-ஐ ஒட்டித்தான் நூரெம்பெர்கில் உருவானது. ஆகவே இந்த ஆட்டங்கள் பிறந்த காலத்தில் அந்தக் கருவியே இல்லை. ஆனாலும் அது காதுக்கு ஓர் உறுத்தலாகப் படவில்லை, ஏனென்றால் த்ரோவேசி அதைக் குரலுக்கு அருகிலேயே வைத்து வாசிக்கிறார்.

குரலுக்கு அருகில் நிற்கும் இன்னொரு கருவி இக்குழுவில் நிரந்தரமாக உண்டு: டோரன் ஷெர்வின் வாசிக்கும் கொர்னெத்தோ. வளைந்த மரக்குழல், அதைச் சுற்றி இறுக்கிய தோல், புல்லாங்குழலுக்குப் போல் துளைகள், ட்ரம்பெட்டுக்குப் போல் சிறிய கிண்ண வாய். பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியில் மனிதக் குரலுக்கு மிக நெருங்கிய ஊதுகருவி என்று இதைக் கொண்டாடினார்கள். ஷெர்வின் வாசிப்பதைக் கேட்டால் அந்தக் கொண்டாட்டம் மிகையன்று என்பது விளங்கும். அவர் கற்பனையில் அலையும்போது பரோக் கமகங்களும் ஜாஸின் நெளிவும் ஒரே மூச்சில் வருகின்றன.

இனி ‘மியூசிக் ஃபார் எ வைல்’. பர்செல் 1659-இல் பிறந்து 1695-இல் மறைந்தார். முப்பத்தாறு ஆண்டுகளே வாழ்ந்தவர். கிரவுண்ட் பேஸை இவரளவுக்கு நேசித்த இசையமைப்பாளர் எனக்குத் தெரிந்து வேறொருவர் இல்லை, ஆகவே லார்பெஜ்ஜாத்தா கடைசியில் இவரிடம் வந்து சேர்ந்தது இயல்பே. தட்டுக்குப் பெயர் தந்த பாடல் 1692-இல் ஈடிபஸ் கதையைச் சொல்லும் ஒரு நாடகத்துக்காக எழுதப்பட்டது. மூன்று பார் நீளமுள்ள அதன் கீழ்வரி, தாளத்தின் ஒவ்வொரு அடியையும் சமமாகப் பிரித்துக்கொண்டு இடைவெளியில்லாமல் நடக்கிறது. மேலும் கீழுமாகத் தாவித் தாவி ஏறுவதால் ஒரே வரிக்குள் இரண்டு குரல்கள் ஒளிந்திருப்பதுபோல் கேட்கிறது. டபுள் பேஸ் என்னும் ஆழ்ந்த ஒலியுள்ள பெரிய தந்திக்கருவியை வாசிக்கும் ஜாஸ் கலைஞரின் நடைபோடும் வரியை அறிந்தவருக்கு, இதைக் கேட்டதும் உறவு புரிந்துவிடும். இங்கே எதையும் வலிந்து ஒட்ட வேண்டிய தேவையே எழவில்லை.

அந்தப் பாடலைப் பிலிப் ஜாரூஸ்கி பாடுகிறார். பெண்களின் ஸ்தாயியில் பாடும் ஆண் குரல்களில் இன்று அவருடையது மிகவும் தெளிவான ஒன்று. பாட்டின் நடுவில் அலெக்டோ என்னும் பழிவாங்கும் தேவதை வருகிறாள். இசை அவளையும் மயக்கிவிட, அவள் தலையிலிருந்த பாம்புகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன, கையிலிருந்த சாட்டையும் நழுவுகிறது. ‘விழ’ என்று பொருள்படும் ஒற்றை அசைச் சொல்லைப் பர்செல் அங்கே திரும்பத் திரும்ப வைக்கிறார், அதையும் தாளத்தின் அடியில் வைக்காமல் அடிக்கு அடுத்த இடைவெளியில் வைக்கிறார். பாம்புகள் எதிர்பாராத கணங்களில் உதிர்கின்றன. ஜாரூஸ்கி அந்தச் சொல்லை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எடையோடு, ஆனால் அழுத்தாமல், கைவிட்டுவிடுவதுபோல் பாடுகிறார். கீழே பேஸ் தன் சம நடையை மாற்றாததால் அந்த விலகல் துல்லியமாகத் தெரிகிறது. ஜாஸின் உயிரென்று சொல்லப்படும் அந்த அடிபிறழ்ந்த நடை பர்செலின் ஏட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதை இந்தத் தடம் வெளிச்சம்போட்டுக் காட்டுகிறது. மூன்று தட்டுகளிலும் ஒரே ஒரு தடத்தைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

‘டைடோவும் ஈனியாசும்’ இசை நாடகத்தின் முடிவில், காதலனால் கைவிடப்பட்டுச் சாகப்போகும் அரசி டைடோ பாடும் புலம்பலும் இத்தட்டில் இருக்கிறது. அதன் கீழ்வரி அரைப்படி அரைப்படியாக, இறங்க மனமின்றி இறங்குவதுபோல், ஷட்ஜத்திலிருந்து கீழ்ப் பஞ்சமம்வரை சறுக்குகிறது. அதன் நீளம் ஐந்து பார். நான்கும் எட்டுமாகச் சிந்தித்துப் பழகிய ஜாஸ் கலைஞருக்கு ஐந்து பார் என்பது பழக்கத்தைக் கைவிடச் சொல்லும் நீளம். போதாக்குறைக்கு, பர்செல் பாட்டின் வாக்கியங்களைக் கீழ்வரி முடியும் இடத்தில் முடிப்பதில்லை. கீழ்வரி முடிந்து அடுத்தது தொடங்கிய பிறகும் டைடோவின் வாக்கியம் நீண்டுகொண்டிருக்கும். விதி தன் கணக்கில் போகிறது, மனம் தன் கணக்கில் தயங்குகிறது என்பதை இதைவிடச் சிக்கனமாக இசையில் எழுத முடியுமா என்று தெரியவில்லை. ‘என்னை நினைவில் கொள்’ என்று அவள் கேட்கும்போது குரல் ஒரே ஸ்வரத்தில் நிற்கிறது. மெட்டே இல்லை, வேண்டுகோள் மட்டுமே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் எனக்குத் தயக்கம் வருகிறது. குழு இந்தப் பாடலை மரியாதையோடு அணுகியிருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் ஜாஸின் மென்மையான சாயலை இங்கே கொண்டுவரும்போது ஒரு வகை இதம் வந்து சேர்ந்துவிடுகிறது; சாவின் விளிம்பில் நிற்பவளின் பாட்டுக்கு இதம் பொருந்தவில்லை. அந்தக் கீழ்வரியின் ஒவ்வொரு அரைப்படியும் உறுத்த வேண்டும். கார்டுகளில் கூடுதல் வண்ணம் சேர்த்தால் அந்த உறுத்தல் வண்ணத்துக்குள் கரைந்துவிடுகிறது. பரோக் குழுக்கள் வெறும் தந்திகளோடு வாசித்த பல பதிவுகளில் இதே பாடல் என்னை அதிகமாகக் கலங்கடித்திருக்கிறது.

இன்னொரு குறை அமைப்பைப் பற்றியது. முதலில் பேஸ் தனியே வரும், பிறகு குரல், பிறகு கிளாரினெட்டோ வோல்ஃப்காங் மூத்ஷ்பீலின் கிட்டாரோ கற்பனையில் அலையும், பிறகு குரல் திரும்பி வந்து முடிக்கும் என்ற வரிசை பல தடங்களில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. ஒவ்வொரு தடமும் தனியே கேட்டால் அழகு. ஒரே அமர்வில் முழுத் தட்டையும் கேட்டால், அடுத்து என்ன வரும் என்பது காதுக்குத் தெரிந்துவிடுகிறது. மனோதர்மம் எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதன் பாதி வலு போய்விடும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடங்களுக்கு மேல் கேட்காமல் இருப்பது நல்லது. அப்படிக் கேட்டபோதுதான் எனக்கும் இந்தத் தட்டு முழுமையாக வசப்பட்டது. தாளவாத்தியத்தைப் பற்றி முன்பே சொன்னேன். வேகமான சில பாடல்களில் அது முன்னால் வந்து நின்று, சொற்களை மறைக்கிறது. ஆங்கிலச் சொற்களின் ஏற்ற இறக்கத்தை ஸ்வரத்தில் பிடிப்பதில் பர்செலுக்கு நிகர் யாருமில்லை. அவருடைய பாட்டில் சொல் மறைந்தால் பாட்டின் பாதி மறைந்துவிடுகிறது.

இத்தகைய கலவையை முயன்ற மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் லார்பெஜ்ஜாத்தாவின் இடம் தெளிவாகும். ஜாக் லூசியே 1959 முதலே பாஹின் உருப்படிகளைப் பியானோ, பேஸ், ட்ரம்ஸ் என்ற மூவர் அணியில் வாசித்தார். அவர் பாஹை ஜாஸின் வீட்டுக்கு அழைத்து வந்தார். யான் கர்பாரெக்கின் சாக்ஸஃபோனும் ஹில்லியர்ட் குழுவின் குரல்களும் சேர்ந்து 1994-இல் வெளியிட்ட ‘ஒஃபிசியும்’ பழைய தேவாலய இசையின் மேலே ஒற்றைப் பறவையைப் பறக்கவிட்டது. அங்கே பாடகர்கள் பாடகர்களாகவே இருந்தார்கள், சாக்ஸஃபோன் மட்டும் அலைந்தது. அமெரிக்காவின் ஓரிகன் குழு ஓபோவையும் கிட்டாரையும் தபலாவையும் ஒரே அறையில் உட்கார வைத்து அறையிசையும் ஜாஸும் நாட்டுப்புறமும் கலந்த தனி மொழியையே உருவாக்கியது. லார்பெஜ்ஜாத்தாவில் இந்த எல்லைகள் இல்லை: தியோர்போ வாசிப்பவரும் அலைகிறார், கிளாரினெட்காரரும் கீழ்வரிக்குக் கட்டுப்படுகிறார். விருந்தினர் யார், வீட்டுக்காரர் யார் என்று பிரிக்க முடியாத இந்த நிலைதான் நான் இவர்களிடம் மிகவும் மதிப்பது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். இந்த இசையைக் கைப்பேசி ஒலிபெருக்கியிலோ சிறிய ப்ளூடூத் பெட்டியிலோ கேட்டு முடிவு செய்துவிடாதீர்கள். டபுள் பேஸின் கடைசித் தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, தியோர்போவின் கடைசித் தந்தியும் அதற்குச் சற்றே மேலே. அந்தச் சிறு கருவிகளால் இந்த ஆழத்தைத் தர இயலாது, தராவிட்டால் இந்த இசையின் தரையே காணாமல் போய்விடும். இயன்றால் தட்டையே வாங்குங்கள், ஏனென்றால் கூடவரும் சிறுநூலில் பாடல்களின் சொற்கள் இருக்கின்றன. தென் இத்தாலிய வட்டார மொழியைச் சொல் தெரியாமல் கேட்பது பெரிய இழப்பு. முதல் இரண்டு தட்டுகளையும் வெளியிட்ட ஆல்ஃபா நிறுவனத்தின் அக்காலப் பதிப்புகளில் அட்டைக்கென ஓர் ஓவியத்தைத் தேர்ந்து அதைப் பற்றியும் கட்டுரை எழுதிச் சேர்க்கும் வழக்கம் இருந்தது. அந்த அக்கறை கையில் எடுத்துப் பார்க்கும்போதே தெரியும். ஜாஸ் பழகியவர்கள் ‘அல்லிம்ப்ரோவிசோ’விலிருந்தும், பாட்டுக்காகவே இசை கேட்பவர்கள் ‘லா தாரந்தெல்லா’விலிருந்தும் தொடங்கலாம். பர்செலை ஏற்கெனவே நேசிப்பவர்கள் மூன்றாவது தட்டைக் கொஞ்சம் பொறுமையோடு அணுக வேண்டியிருக்கும்.

அந்த மூன்றாவது தட்டில் ‘மாலைப் பாட்டு’ என்னும் தடத்தை மட்டும் இரவுக்கென்று எடுத்து வையுங்கள். 1688-இல் அச்சான பாடல். சூரியன் தன் ஒளியை மூடிக்கொண்டுவிட்டது, இனி என் உடலைப் படுக்கைக்கு ஒப்படைக்கிறேன், என் ஆன்மா எங்கே இளைப்பாறும் என்று கேட்கிறது. கேள்விக்கு விடை கிடைத்த பிறகு சொற்கள் தீர்ந்துபோய், ‘அல்லேலூயா’ என்ற ஒரே சொல்லே பாட்டின் மீதியை முழுவதும் எடுத்துக்கொள்கிறது. குரல் அந்தச் சொல்லின் உயிரெழுத்துகளை நீட்டி நீட்டி எங்கெங்கோ போய் வருகிறது. ஐந்து பார் நீளமுள்ள கீழ்வரி பொறுமையாக இறங்கி இறங்கி அதற்காகக் காத்திருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு, குரலை விட்டுவிட்டு, அந்தக் கீழ்வரியை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை நடந்து பாருங்கள்.